‘பெய்டன் பிளேஸ்’: நாவலிலிருந்து படத்துக்கு வரும் வழியில் காணாமல் போனவை

1957-இல் வந்த ‘பெய்டன் பிளேஸ்’ படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்: அழகான சிற்றூர், இலையுதிர்கால மரங்கள், பள்ளி விழா, கடைசியில் ஒரு நீதிமன்றக் காட்சி. இவ்வளவு சாதுவான கதையின் மூல நாவலை ஏன் நூலகங்கள் வாங்க மறுத்தன? அந்தக் காலத்தில் பெண்கள் எழுதிப் பரபரப்பாக விற்ற நாவல்கள் எல்லாமே விளம்பரத்தால் ஊதிப் பெருக்கப்பட்டவையா, அல்லது தணிக்கைதான் படங்களின் பல்லைப் பிடுங்கியதா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. நாவலில் இருந்தவற்றுள் எவை படத்துக்கு வரும் வழியில் காணாமல் போயின என்பதே அந்தக் கேள்வி. கல்லூரியில் நெடுங்காலம் அமெரிக்க நாவல்களைப் பாடம் நடத்தியவன் நான். நாவலையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் படிப்பது எங்கள் வகுப்பின் வழக்கம். அந்தப் பழக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். படுக்கையறைக் காட்சிகள் வெட்டப்பட்டதால்தான் படங்கள் சாதுவாயின என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தக் காட்சிகள் நாவல்களிலேயே அவ்வளவு அதிகம் கிடையாது. வெட்டுப்பட்டவை வேறு இரண்டு: பெண் தானாக எடுக்கும் முடிவு, அவளைச் சூழ்ந்திருக்கும் பணம்.

முதலில் அந்த நாவலை எழுதியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரேஸ் மெட்டாலியஸ் 1924-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டரில் பிறந்தார். துணி ஆலைகளை நம்பி வாழ்ந்த நகரம் அது. பிரெஞ்சு கனடிய வம்சாவளிக் குடும்பம். பள்ளி ஆசிரியரை மணந்து, மூன்று குழந்தைகளுடன், கில்மன்டன் என்ற சிற்றூரில் வசதியில்லாத ஒரு சிறு வீட்டில் இருந்துகொண்டு இந்த நாவலை எழுதினார். நாவல் 1956 செப்டம்பரில் வந்தது. அதை ஏற்று வெளியிட்ட ஜூலியன் மெஸ்னர் பதிப்பகத்தை அப்போது நடத்தியவர் கிட்டி மெஸ்னர் என்ற பெண்மணி. நாவலுக்கான விளம்பரப் படத்தில் கிரேஸ் ஜீன்ஸும் ஆண்கள் அணிவது போன்ற சட்டையுமாக, தலைமுடியைக் குதிரைவாலாகக் கட்டிக்கொண்டு, தட்டச்சுப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார். 1956-இல் ஓர் ஆசிரியரின் மனைவி அப்படித் தோன்றியதே பலருக்கு உறுத்தியது. நாவல் முதல் பத்து நாட்களில் 60,000 படிகள் விற்றது. ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் ஓராண்டுக்கும் மேல் நீடித்தது. கனடா இறக்குமதிக்குத் தடை போட்டது. மாசச்சூசெட்ஸில் ஒரு நூலகம், இந்தப் புத்தகம் இங்கே கிடையாது, வேண்டுமானால் சேலம் நகருக்குப் போங்கள் என்று வாசலில் பலகையே வைத்தது.

இப்போது நீங்கள் பார்த்த படத்தில் செலினா கிராஸின் கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தகரமும் அட்டையும் வைத்துக் கட்டிய குடிசைகளில் ஒன்றில் வளர்ந்த பெண். தாயின் இரண்டாவது கணவன் லூக்கஸ் அவளைப் பலாத்காரம் செய்கிறான், கருவுறுகிறாள். படத்தில் அவள் டாக்டர் ஸ்வெயினிடம் போய்க் கெஞ்சுகிறாள். அவர் கருவைக் கலைக்க மறுத்துவிடுகிறார். பிறகு லூக்கஸ் துரத்த, அவள் ஓடி விழுகிறாள். கரு தானாகச் சிதைகிறது. யாரும் எதையும் முடிவு செய்யவில்லை, தரை பார்த்துக்கொண்டது. நாவலில் அப்படி இல்லை. உயிரைக் காப்பதையே வாழ்நாள் கொள்கையாக வைத்திருந்த அந்த மருத்துவர், தன்னோடு தானே மல்லுக்கட்டுகிறார். சட்டம் ஒரு பக்கம், தொழில் தர்மம் ஒரு பக்கம், எதிரே உட்கார்ந்திருக்கும் பள்ளிச் சிறுமி ஒரு பக்கம். கடைசியில் அவரே கருக்கலைப்பு செய்கிறார். மருத்துவமனைப் பதிவேட்டில் குடல்வால் அறுவை என்று எழுதிக்கொள்கிறார். அந்தச் சில பக்கங்களில் கிளுகிளுப்புக்கு இடமே இல்லை. ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒரு நல்ல மனிதர் சட்டத்தை மீறுகிறார், நாவல் அவர் பக்கம் நிற்கிறது. 1956-இன் அமெரிக்காவில் பொறுக்க முடியாமல் போனது இதுதான் என்பது என் எண்ணம்.

படத்தில் ஏன் மாற்றினார்கள் என்பதற்கு ஐயமற்ற பதில் ஒன்று உண்டு. 1934 முதல் ஹாலிவுட் படங்கள் தயாரிப்பு நெறிக்குழுவின் ஒப்புதல் பெற்றே வெளிவந்தன. இது அரசுத் தணிக்கை அல்ல. படத்துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட வேலி. 1956 டிசம்பரில் அந்த விதிகளைத் தளர்த்தினார்கள். ஆனால் கருக்கலைப்பைக் குறிப்பாலன்றிச் சொல்லக் கூடாது, சொன்னால் கண்டிக்க வேண்டும் என்ற நிபந்தனை நின்றது. ஆகவே திரைக்கதை எழுதிய ஜான் மைக்கேல் ஹேய்ஸுக்கு இந்த இடத்தில் அதிக வழி இருக்கவில்லை. அதே தயாரிப்பாளர் ஜெர்ரி வால்ட், இரண்டாண்டு கழித்து ரோனா ஜாஃபியின் ‘தி பெஸ்ட் ஆஃப் எவ்ரிதிங்’ நாவலைப் படமாக்கினார். நியூயார்க் பதிப்பக அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் இளம்பெண்களின் கதை. நாவலில் ஏப்ரல் என்ற பெண்ணுக்குக் கருக்கலைப்பு நடக்கிறது. அதன் பின் அவள் மனம் படும் பாடும் சொல்லப்படுகிறது. படத்தில் என்ன ஆகிறது தெரியுமா? கல்யாணம் என்று சொல்லி அழைத்துப்போகும் காதலனின் நோக்கம் தெரிந்ததும் ஏப்ரல் ஓடும் காரிலிருந்து குதிக்கிறாள், கரு சிதைகிறது. மறுபடியும் ஒரு விழுகை. ஒரே தயாரிப்பாளர், ஒரே நிறுவனம், ஒரே தீர்வு. வகுப்பில் இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் நான் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

ஆனால் நெறிக்குழு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் பாதிப் பதில்தான் ஆகும். ‘பெய்டன் பிளேஸ்’ நாவலில் பெட்டி ஆண்டர்சன் என்று ஓர் ஆலைத் தொழிலாளியின் மகள் வருகிறாள். ஆலை முதலாளியின் மகன் ராட்னியால் கருவுறுகிறாள். முதலாளி லெஸ்லி ஹாரிங்டன் பெண்ணின் தகப்பனிடம் ஒரு காசோலையைக் கொடுத்து வாயை அடைக்கிறார். பெட்டி நேரில் வந்து வாதாடும்போது, அவளோடு பழகியதாகச் சாட்சி சொல்ல ஆட்களைக் கொண்டுவருவேன் என்று மிரட்டி, காசோலையின் தொகையையும் பாதியாக்குகிறார். மொத்த நாவலிலும் எனக்கு மிகவும் கடுப்பேற்றிய காட்சி இது. ஊர் எப்படி இயங்குகிறது என்பது ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தெரிந்துவிடுகிறது. படத்தில் ராட்னி அவளை முறைப்படி மணந்துகொள்கிறான். போருக்குப் போய் வீரமரணம் அடைகிறான். மாமனார் மருமகளை ஏற்றுக்கொள்கிறார். முதலாளி கொடுமைக்காரராகவே இருப்பதைத் தயாரிப்பு நெறியின் எந்த விதியும் தடுக்கவில்லை. அது ஸ்டுடியோ தானாகச் செய்துகொண்ட தேர்வு.

இன்னொன்றும் போனது. ஊருக்குப் பெய்டன் பிளேஸ் என்று பெயர் வரக் காரணமானவர் நாவலில் சாமுவேல் பெய்டன் என்ற கறுப்பினத்தவர். அடிமைத்தளையிலிருந்து தப்பி, பிரான்ஸில் பணம் சேர்த்து, திரும்பி வந்து மலைமேல் ஒரு கோட்டை கட்டியவர். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே ஊர் அவரைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறது. படத்தில் அவருடைய சுவடே இல்லை. பாலுறவை மட்டும் பார்த்து இந்த நாவலை எடைபோடுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாவலையே முழுக்கப் பாராட்டிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாவலின் இன்னொரு முக்கியப் பெண்ணான கான்ஸ்டன்ஸ் மெக்கன்சியைப் பள்ளித் தலைமையாசிரியர் ஏரிக்கரைக்கு அழைத்துப்போகும் இரவு ஒன்று வருகிறது. அவள் மறுக்கிறாள், அவர் அவளை வலுக்கட்டாயப்படுத்துகிறார், நாவல் அதை அவளுடைய விழிப்பாக எழுதுகிறது. செலினாவுக்கு நேர்ந்ததை அவ்வளவு தெளிவாகப் பார்த்த எழுத்தாளர் இங்கே எப்படி இப்படி எழுதினார் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனம் சங்கடப்படும். படம் இந்த இடத்தில் அவரை மென்மையானவராக மாற்றியது சரியான காரியம் என்றே நினைக்கிறேன். (தலைமையாசிரியரின் பெயர் முதல் பதிப்பில் தாமஸ் மக்ரிஸ். அதே பெயருள்ள ஒருவர் வழக்குப் போட்டதால் பிந்தைய பதிப்புகளில் மைக்கேல் ராஸி ஆனது, படத்திலும் ராஸிதான். பதிப்பைப் பொறுத்துப் பெயர் மாறினால் குழம்ப வேண்டாம்.)

செலினாவின் தகப்பன் விஷயத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. அது படத்தில் அல்ல, பதிப்பகத்திலேயே. கதையில் செலினா பின்னர் லூக்கஸைக் கொல்கிறாள். கையெழுத்துப்படியில் அவன் அவளைப் பெற்ற தந்தை. கில்மன்டனில் 1940-களில் அப்படி ஒரு கொலை உண்மையாகவே நடந்திருந்தது: பல காலம் கொடுமை அனுபவித்த மகள் தந்தையைக் கொன்று ஆட்டுக்கொட்டிலில் புதைத்தாள். வாசகர்கள் தாங்கமாட்டார்கள் என்று பதிப்பாளர் வற்புறுத்த, லூக்கஸ் மாற்றாந்தந்தை ஆனான். மெட்டாலியஸ் அதை மனதார ஏற்கவில்லை. ஆக, நாவல் அச்சேறும் முன்பே ஒரு சமரசம் நடந்துவிட்டது. படத்தை மட்டும் குற்றம் சொல்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும். அதற்காக நாவலில் வரும் ஊரே கில்மன்டன் என்று சொல்வது மிகை. ஆசிரியர் அவருக்குத் தெரிந்த பல ஊர்களைச் சேர்த்துப் பிசைந்திருக்கிறார் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது.

சற்றுப் பின்னால் போவோம். கேத்லீன் வின்சரின் ‘ஃபாரெவர் ஆம்பர்’ 1944-இல் வந்தது. தொள்ளாயிரம் பக்கத்துக்கும் மேல். இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்து லண்டன். கிராமத்துப் பெண் ஆம்பர் பல ஆண்களின் வழியாக அரசவை வரை ஏறுகிறாள். மாசச்சூசெட்ஸ் மாநில அரசு வழக்குரைஞர் இந்த நாவலை எதிர்த்தபோது எண்ணிக்கையோடு வந்தார்: உடலுறவைப் பற்றிய 70 குறிப்புகள், முறைகேடான 39 கர்ப்பங்கள், 7 கருக்கலைப்புகள். 1948-இல் அம்மாநில உயர்நிலை நீதிமன்றம் ஆபாசம் இல்லை என்று தீர்ப்பளித்தது. பதினான்கு மாநிலங்களில் தடை என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அந்த எண்ணை நான் அழுத்திச் சொல்லமாட்டேன். மாசச்சூசெட்ஸ் வழக்கும் ஆஸ்திரேலியத் தடையும் உறுதி. புத்தகத்தைப் பற்றி என் கருத்து கேட்டால், பாதியாகக் குறைத்திருக்கலாம். ஆனால் கொள்ளைநோய் அத்தியாயங்கள் அபாரம். காதலன் புரூஸ் நோயில் விழ, எல்லோரும் ஓடிப்போன வீட்டில் ஆம்பர் தனியாக அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். கட்டி, சீழ், துர்நாற்றம் எதையும் வின்சர் விட்டுவைக்கவில்லை. ஆம்பர் என்ற பெண்ணின் உறுதி வேறெங்கும் இவ்வளவு நன்றாக வெளிப்படவில்லை.

1947-இல் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் அதைப் பெரும் செலவில் எடுத்தது. முதலில் பெக்கி கம்மின்ஸை வைத்துத் தொடங்கி, எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, இயக்குநராக ஆட்டோ பிரெமிஞ்சரையும் நாயகியாக லிண்டா டார்னலையும் கொண்டுவந்தார்கள். அப்படியும் கத்தோலிக்க ஒழுக்கக் கழகம் படத்தைக் கண்டித்தது. உடனே ஸ்டுடியோ சில இடங்களை வெட்டி, முகப்பில் ஓர் அறிவிப்பைச் சேர்த்தது. பாவத்தின் சம்பளம் மரணம் என்ற வேத வாக்கியத்தில் போய் நிற்கும் அறிவிப்பு. நாவலின் முடிவில் ஆம்பர் ஒரு பொய்ச் செய்தியை நம்பிப் புரூஸைத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறாள். ஏமாறுகிறாள்தான், ஆனாலும் புறப்படுகிறாள். படத்திலோ மகனையும் புரூஸிடம் விட்டுக்கொடுத்துவிட்டு லண்டனிலேயே தனித்து நிற்கிறாள். நாவலில் அவள் போகிறவள்; படத்தில் போகிறவர்களைப் பார்த்து நிற்கிறவள்.

பிரெமிஞ்சர் பத்தாண்டு கழித்து ஃபிரான்ஸுவாஸ் சகானின் ‘போன்ழூர் திரிஸ்டெஸ்’ஸை எடுத்தார். அந்த நாவல் 1954-இல் வந்தபோது சகானுக்குப் பதினெட்டு வயது. அதற்கு விமர்சகர் பரிசு கிடைத்தது. நோபல் பெற்ற எழுத்தாளர் மோரியாக் பத்திரிகையில் இந்தப் பெண்ணை அழகிய அரக்கி என்ற பொருளில் குறிப்பிட்டார். நான் பிரெஞ்சு அறியாதவன். ஆங்கிலம் வழியாகவே படித்தேன். 1950-களின் ஆங்கில மொழிபெயர்ப்பில் சில பகுதிகள் விடுபட்டிருந்தன. 2013-இல் வந்த புதிய மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். பதினேழு வயது செசில் ஒருவனோடு உறவுகொள்கிறாள்; கருவுறவில்லை, மணம் முடிக்கவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை. பலரை அதிரவைத்தது அதுதான் என்று சகானே பின்னாளில் சொன்னார். அவளை வதைப்பது வேறு: தன் சூழ்ச்சியால் ஆன் என்ற பெண்மணியின் சாவுக்குக் காரணமானது. படம் கடற்கரைக் கோடையை வண்ணத்திலும், பின்னர் வரும் பாரிஸ் வாழ்க்கையைக் கறுப்பு வெள்ளையிலும் காட்டுகிறது. கடைசிக் காட்சியில் செசிலாக நடித்த ஜீன் சீபெர்க் கண்ணாடி முன் உட்கார்ந்து முகத்தில் கிரீமைத் தடவித் துடைத்துக்கொண்டே இருக்கிறார், கண்ணீர் வழிகிறது. நான் குறிப்பிடும் படங்களில் மூல நாவலுக்கு ஈடுகொடுப்பது இது ஒன்றுதான் என்பேன். ஆனால் நாவலின் செசிலுக்கு வாழ்க்கை பழையபடி இனிக்கவும் செய்கிறது, அதுதான் பயங்கரம். படம் அவளுடைய நிகழ்காலம் முழுவதையும் சாம்பல் நிறமாக்கித் தண்டனை கொடுத்துவிடுகிறது.

தணிக்கைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் ஒப்புக்கொள்ளாததற்கு வலுவான ஆதாரம் ஜாக்குலின் சூசனின் ‘வேலி ஆஃப் தி டால்ஸ்’. நாவல் 1966, படம் 1967. அதற்குள் தயாரிப்பு நெறி நைந்துபோய், அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. இயக்குநர் ‘பெய்டன் பிளேஸ்’ எடுத்த அதே மார்க் ராப்சன். மாத்திரைக்கு அடிமையாவது, கருக்கலைப்பு எல்லாமே திரையில் வரலாம் என்ற நிலை. இருந்தும் முடிவை மாற்றினார்கள். நாவலில் நாயகி ஆன் வெல்ஸ் தன் கணவனின் துரோகத்துக்குப் பழகிக்கொண்டு, இனி வலிக்காது என்று மாத்திரையை எடுத்துக்கொள்கிறாள். மிக நிதானமாக எழுதப்பட்ட தோல்வி அது. படத்தில் அவள் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பிறந்த ஊருக்குத் திரும்புகிறாள். தேடி வருபவனையும் மறுத்துவிட்டுப் பனியில் நடக்கிறாள். பெண்ணுக்குத் தன்மானம் கொடுத்த மாற்றம்தானே என்று மாணவர்கள் வாதாடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய நகரத்தில் வேலைக்குப் போன பெண் ஊருக்குத் திரும்பினால் சரியாகிவிடும் என்ற பழைய அறிவுரையைத்தான் படம் சொல்கிறது. இந்த முறை அப்படிச் சொல்லச் சொல்லி எந்தக் குழுவும் வற்புறுத்தவில்லை. சூசனுக்கும் படம் பிடிக்கவில்லை.

விளம்பரத்தால் ஊதப்பட்டவையா என்ற கேள்விக்கு வருகிறேன். விளம்பரம் இருந்தது, ஏராளமாக. மெட்டாலியஸின் கணவருக்குப் பள்ளி வேலை போனபோது, மனைவியின் புத்தகத்தால்தான் போனது என்று செய்தி பரவியது. பதிப்பகம் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. வேலை போனதற்கு நாவல் ஒன்றுதான் காரணமா என்பது விவாதத்துக்குரியது. படத்துக்கும் அப்படி ஒன்று நேர்ந்தது. 1958 ஏப்ரலில், படத்தில் கான்ஸ்டன்ஸாக நடித்த லானா டர்னரின் வீட்டில் அவருடைய காதலர் கத்திக்குத்தில் இறந்தார். குத்தியது டர்னரின் பதினான்கு வயது மகள். தாயைக் காக்கச் செய்தது என்று விசாரணை முடிந்தது. ‘பெய்டன் பிளேஸ்’ படத்தில் டர்னர் சாட்சிக் கூண்டில் ஏறி அழும் காட்சி இருந்ததால் கூட்டம் மேலும் கூடியது. ஆனால் அந்தச் சம்பவத்தால்தான் படம் ஓடியது என்பது சரியல்ல. அதற்கு முன்பே படம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளும் பெற்றிருந்தது, ஒன்றும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். விளம்பரம் ஒரு புத்தகத்தை ஒரு பருவத்துக்கு விற்கும். இந்தப் புத்தகத்தைப் பல ஆண்டுகள் கையிலிருந்து கைக்கு மாற்றி, தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்றும், தங்கள் ஊரில் நடந்தும் வாய்விட்டுப் பேசப்படாதவை அச்சில் வந்ததே அவர்களை இழுத்தது என்றும் நினைக்கிறேன். இது என் வாசிப்பிலிருந்து வந்த ஊகம். எண்ணிக் காட்டக்கூடிய சான்று அல்ல.

மெட்டாலியஸுக்குப் படத்தின் மேல் கடும் கோபம். புகழும் பணமும் குடியும் அவரைக் கரைத்துவிட்டன. 1964 பிப்ரவரியில் கல்லீரல் கெட்டு, முப்பத்தொன்பது வயதில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ‘பெய்டன் பிளேஸ்’ தொலைக்காட்சித் தொடராக வந்து ஐந்தாண்டு ஓடியது. அந்தத் தொடரில் செலினா கிராஸே இல்லை.

நீங்கள் படிக்க விரும்பினால் ‘பெய்டன் பிளேஸ்’ஸில் தொடங்குங்கள், அடுத்து சகான், ‘ஆம்பர்’ஐ நேரம் மிச்சமிருந்தால் எடுங்கள். மெட்டாலியஸின் நாவல் நெடுநாள் கிடைக்காமல் இருந்து, 1999-இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக அச்சகத்தால் மறுபதிப்பு கண்டது. அதற்கு வரலாற்றாசிரியர் ஆர்டிஸ் கேமரன் எழுதிய முன்னுரை சிறப்பானது. கதையை முழுக்கச் சொல்லிவிடுகிறது என்பதால் நாவலை முடித்துவிட்டுப் படியுங்கள். பிறகு படத்தை இன்னொரு முறை போட்டு, செலினாவாக நடித்த ஹோப் லேங்கை மட்டும் கவனித்துப் பாருங்கள். வசனம் சொல்லாமல் விட்டதில் பாதியை அவர் முகத்தாலேயே சொல்லியிருக்கிறார்.